எதிரே இருப்பவர்தான் ஊற்ற வேண்டும்

செப்டம்பர் 12, வியாழன்

குடும்ப நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தாயிற்று. இருவரும் மனமொப்பிப் பிரிகிறோம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வெளியே வந்ததும் இருவரும் ஒரே ஆட்டோவுக்குக் கை காட்டினோம். காந்திமதியே போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். மார்ச்சில் மறுபடி வந்து, இன்னும் அதே எண்ணம்தான் என்று நீதிபதி முன்னால் சொல்ல வேண்டுமாம். அத்தோடு தீர்ந்தது. பதினான்கு வருடக் கல்யாணம். வக்கீல் வரவழைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்த டைரி இன்சூரன்ஸ் கம்பெனி வருடப் பிறப்புக்குக் கொடுத்தது. அடிபட்ட கார்களைப் பார்த்து, ரிப்பேர் செய்யலாமா இல்லை மொத்தமாகக் கழித்துக்கட்டலாமா என்று அறிக்கை எழுதுகிற சர்வேயர் நான். பகலெல்லாம் எழுதுகிறவன் வீட்டுக்கு வந்தும் எழுதுவானா? ஆனால் பெருங்குடியில் எடுத்திருக்கும் இந்த ஒற்றை அறையில் சாயங்காலம் ரொம்ப நீளமாக இருக்கிறது. வருத்தம் எல்லாம் ஒன்றுமில்லை. நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் நாகரிகமானவர்கள். சண்டை இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. கவுன்சிலிங் அம்மாள் என்னம்மா குறை என்று கேட்டபோது காந்திமதி இரண்டே விஷயம்தான் சொன்னாள். ஒன்று, நான் காப்பியையும் ரசத்தையும் உறிஞ்சுகிற சத்தம். இரண்டு, "இவங்க என்னைப் பாக்கும்போதெல்லாம் எங்க அடிபட்டிருக்குன்னுதான் பாப்பாங்க." முதலாவதற்கு ரசம் காரணம். இரண்டாவதற்கு என் தொழில் காரணம். இதில் நான் எங்கே வந்தேன் என்று தெரியவில்லை.

யாருக்கும் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். தை மாதம் அவள் தம்பி நமச்சிக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். பெண் வீட்டார் தென்காசிக்காரர்கள். அக்கா புருஷனை விட்டவள் என்று தெரிந்தால் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே, நான் கம்பெனி வேலையாகக் கும்மிடிப்பூண்டியில் தங்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் நங்கநல்லூர் வீட்டுக்கு வந்துபோகிறேன். இது ஊருக்கு.

செப்டம்பர் 15, ஞாயிறு

மூன்றாம் நாளே குட்டு உடையப் பார்த்தது. பாளையங்கோட்டையிலிருந்து என் பகவதி அக்கா காலையில் காந்திமதிக்குப் போன் செய்து, தம்பி வந்திருக்கானே, என்ன சமையல் என்று கேட்டிருக்கிறாள். இவள் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு என்றிருக்கிறாள். சாயங்காலம் எனக்குப் போன். நான் யோசிக்காமல் சொதி என்றேன். இஞ்சித் துவையலோடு என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

"ஏல, ஒரு வீட்ல ரெண்டு அடுப்பா எரியுது?" என்றாள் அக்கா.

காந்திமதியிடமிருந்து செய்தி வந்தது: 'வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேசி, என்ன சொல்லணும்னு முடிவு பண்ணிக்கணும்.' எங்கே உட்காருவது? மயிலாப்பூர் டிபன் கடைகளில் அவள் சித்தப்பா. தி.நகரில் என் ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டு பேர் வீட்டுச் சைவப் பிள்ளைமார் கூட்டமும் சென்னை முழுக்க இறைந்து கிடக்கிறது; எந்தச் சைவ ஓட்டலுக்குப் போனாலும் ஒரு தலை திரும்பும். காந்திமதி கெட்டிக்காரி. நீலாங்கரைச் சந்தில் ஒரு ஜப்பான் கடை இருக்கிறதாம். வாசல் பலகையிலேயே, பன்றி எலும்பை நாள் முழுக்க வேகவைக்கிறோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்களாம். நம் ஆட்கள் அந்தத் தெருவில் மூச்சைக்கூட இழுக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

போய்வந்தோம். சின்னக் கடை. சிவப்புக் காகித விளக்கு ஒன்று வாசலில். உள்ளே ஒரு மர மேடை, அதன்முன் உயர நாற்காலிகள், நாலைந்து மேசைகள், மூலையில் மூங்கில் தட்டி மறைத்த ஒரு மேசை. கார்க் கம்பெனி ஜப்பான்காரர்கள் டையைத் தளர்த்திவிட்டு, குடித்துக்கொண்டும் கொறித்துக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்களாம். நூடுல்ஸ்தான், ஆனால் தொட்டிபோன்ற கிண்ணத்தில், சாறு தளும்ப. முதலாளி கவாஷிமா அதே கார்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போகாமல் இங்கேயே அடுப்பு மூட்டிவிட்டார்.

பரிமாறுகிற பெண் மணிப்பூர்க்காரி, பெயர் தொய்பி. வியாசர்பாடியில் பிறந்தவள்போலத் தமிழ் பேசுகிறாள். சைவம் வேண்டும் என்றதும், "காய்கறி ராமென் இருக்குண்ணா. பன்னி தண்ணி இல்ல, சோயா தண்ணி. பயப்படாதீங்க" என்றாள். குடிக்க வறுத்த பார்லித் தண்ணீர் ஒரு கண்ணாடி ஜாடியில் வந்தது. நான் ஜாடியை எடுத்து என் கிளாஸில் ஊற்றப் போனேன். கவாஷிமா அடுப்பை விட்டு ஓடி வந்தார். குனிந்து வணங்கினார். என் கையிலிருந்து ஜாடியை மெல்ல வாங்கிக் காந்திமதி முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"தனக்குத் தானே ஊத்திக்கக் கூடாதுண்ணா," என்றாள் தொய்பி. "எதிர்ல இருக்கவங்கதான் ஊத்தணும். சார் கடைல அது சட்டம். அவங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்."

காந்திமதி ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து பேனா எடுத்து, "இந்த வாரம் என்ன சமையல்னு முடிவு பண்ணுவோமா?" என்றாள்.

ராமெனில் காரம் கொஞ்சமல்ல. கண்ணில் தண்ணீர். எதிரில் ஜாடி நிறையத் தண்ணீர். அவள் ஊற்றவில்லை, நான் கேட்கவில்லை. அவளுக்கும் காரம்தான், மூக்கு சிவந்துவிட்டது. நான் ஜாடியைத் தொட்டால் அவளுக்கு ஊற்ற வேண்டும். அதற்கு நான் என்ன இளித்தவாயனா? இரண்டு பேரும் காலிக் கிளாஸை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை அவியல், வெள்ளிக்கிழமை எலுமிச்சைச் சாதம் என்று நாக்கு எரிய முடிவு செய்தோம்.

அறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்று ஒரு நியாயம் கிடைத்தது. ராமெனைச் சத்தம் போட்டு உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டுமாம். உறிஞ்சாவிட்டால் சமைத்தவருக்கு மனத்தாங்கலாம். நான் பழக்கதோஷத்தில் ஒரு இழு இழுத்தேன். கவாஷிமா அங்கிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து மேசை ஜப்பான்காரர் ஒருவர் தலையசைத்து மரியாதை செய்தார். கவுன்சிலிங் அம்மாளை அழைத்து வந்து காட்டியிருக்க வேண்டும்.

"சந்தோஷமா?" என்றாள் காந்திமதி.

சந்தோஷம்தான்.

அக்டோபர் 10, வியாழன்

என் அக்கா, காந்திமதியின் அம்மா, காந்திமதியின் சித்தி மூவருக்கும் சொல்ல வேண்டியவை முடிவாயின. எனக்குச் சளி, அதனால் போனில் குரல் வேறு மாதிரி கேட்கும். ஆயுதபூஜைக்கு வீட்டில் சுண்டல். புது மிக்ஸி வாங்கியதாக ஒரு பொய் தேவையா என்று கொஞ்சநேரம் வாதம் நடந்தது. வேண்டாம் என்று அவள். இருக்கட்டும், நிஜம்போல் இருக்கும் என்று நான். கடைசியில் மிக்ஸி வாங்கிவிட்டோம்.

சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. வீட்டில் ஒன்றாக இருந்தபோது நாங்கள் பேசியது கேஸ் வந்ததா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். இல்லாத குடித்தனத்தை நடத்த எவ்வளவு பேச்சு வேண்டியிருக்கிறது.

தொய்பி கேட்காமலே எங்களை மூங்கில் தட்டிக்குப் பின்னால் மூலை மேசைக்கு மாற்றிவிட்டாள். "யார்னா தெரிஞ்சவங்க வந்தா நான் சைகை பண்றேன், கவலப்படாதீங்க" என்றும் சொன்னாள். நல்ல உபசரிப்பு.

அக்டோபர் 17, வியாழன்

காந்திமதிக்குப் புரையேறியது. ஜாடி என் பக்கம் இருந்தது. ஊற்றினேன். மனிதாபிமானம்.

அவளும் எனக்கு ஊற்றினாள். பதில் மரியாதை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 31, தீபாவளி

காலையில் நங்கநல்லூர் வீட்டுக்குப் போனேன். ஊர்க்காரர்கள் எல்லாரும் வீடியோ காலில் வருவார்கள். நான் இல்லாமல் முடியாது. தலைக்கு எண்ணெய் தேய்த்ததுபோல் தெரிய வேண்டும் என்று காந்திமதி கொஞ்சம் நல்லெண்ணெயை என் நெற்றியில் தடவிவிட்டாள். பேசி முடித்ததும் கிளம்பியிருக்க வேண்டும். ஹாலில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது, சரிசெய்தேன். சமையலறைக் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். இஞ்சி லேகியம் கொடுத்தாள். வேறு ஏதாவது ரிப்பேர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும்தான் பாத்துட்டீங்களே," என்றாள்.

சொன்ன விதம் சரியில்லை. கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வியாழக்கிழமைக் கணக்குக்குக் கடைக்குப் போகலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பலாம் என்று பார்த்தேன். காலையில் பார்த்துவிட்டோமே, எதற்கு? அனுப்பவில்லை. அவளிடமிருந்தும் வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

அபாயம். இத்தனை வாரமாக நாங்கள் விரும்பிச் சாப்பிடுகிற பொரித்த தோஃபுவைச் சுற்றி ஊற்றியிருக்கும் அந்த இளஞ்சூட்டுச் சாறு, மீன் சீவலைக் கொதிக்கவைத்து வடித்ததாம். சோயாப் பாலில் செய்த கட்டிதானே என்று நம்பியிருந்தோம். தொய்பி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள்.

"மீன் எங்கம்மா இருந்துச்சு?" என்றேன்.

"மீன் இல்லண்ணா. மீனு குளிச்ச தண்ணி."

காந்திமதி நாப்கினால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். ஆறேழு தலைமுறையாகக் கட்டிக் காத்ததை நாம் ரெண்டு பேரும் இப்படிக் கரைச்சுக் குடிச்சிட்டோமே என்றாள். அவள் இப்படிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடமாயிற்றோ.

இனி அந்தப் பதார்த்தம் வேண்டாம் என்று முடிவு.

நவம்பர் 21, வியாழன்

தோஃபு ஒன்று. பங்கு போட்டுக்கொண்டோம்.

டிசம்பர் 12, வியாழன்

இன்று தெரிந்துகொண்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காந்திமதி கை கழுவப் போன சமயம் தொய்பி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அக்கா ரொம்ப நல்லவங்க. ஆனா உங்க வீட்ல இருக்காங்களே, அவங்களையும் கொஞ்சம் நெனச்சிப் பாருங்க."

"வீட்ல யாரு?"

"உங்க சம்சாரம்."

ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டேன். அவள் ரொம்பப் பரிவோடு விளக்கினாள். புருஷன் பெண்டாட்டி இங்கே வந்தால் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்களாம். நாங்கள் தலையோடு தலை முட்டப் பேசுகிறோமாம். வரும்போது தனித்தனியாக வருகிறோம், போகும்போது தனித்தனியாகப் போகிறோம், வாசலில் ஆள் நடமாட்டம் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறோம். கவாஷிமாவுக்கும் தெரியுமாம். மூலை மேசை அவர் ஏற்பாடுதானாம்.

தெருமுனையில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது காந்திமதியிடம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நெஜத்தைச் சொல்லிடட்டா?" என்றேன்.

"எதுக்கு? அப்புறம் அந்த மூலை மேசையைத் தர மாட்டா." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "உங்க சம்சாரத்தைக் கேட்டதாச் சொல்லுங்க," என்றாள்.

வயது நாற்பத்தைந்து ஆகிறது எனக்கு. அந்தச் சிரிப்பை நினைத்து அறையில் தனியாக உட்கார்ந்து நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறைப் பையன் என்ன நினைப்பான்.

ஜனவரி 9, வியாழன்

புது வருடம், புது டைரி. இந்தத் தடவையும் கம்பெனிதான் கொடுத்தது.

கல்யாணத்துக்கு என்ன புடவை என்று காந்திமதி போனில் படங்கள் காட்டினாள். எனக்கு இதெல்லாம் தெரியாது என்றேன். சும்மா பாருங்க என்றாள். அரக்கு நிறம் நன்றாக இருக்கும் என்றேன். எங்கே குறை என்று கேட்டாள். குறை ஒன்றும் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவள் போனை அணைத்துவிட்டு ரொம்பநேரம் அவரைக்காய் மாதிரி இருக்கிற அந்தப் பச்சைச் சோயாக் காய்களை உரித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் தேதியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜனவரி 23, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காந்திமதி இன்று தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மூலை மேசையில் இருந்தோம். கதவு திறந்தது. தொய்பி காற்றாகப் பறந்து வந்தாள். "அக்கா, எழுந்திரிங்க, நெத்தில பட்டை போட்ட பெரியவர் ஒருத்தர்!" என்று காதோடு சொல்லி, காந்திமதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். கவாஷிமா பின்கதவைத் திறந்து பிடித்து, குனிந்து வணங்கி வழியனுப்பினார். அத்தனை வேகம். ரொம்ப நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள்போல. போகிற அவசரத்தில் அவள் முதுகு பட்டு மூங்கில் தட்டி சாய்ந்துவிட்டது.

தட்டி விழுந்த பக்கம் மீனாட்சிசுந்தரம் மாமா நின்றுகொண்டிருந்தார். காந்திமதியின் தாய்மாமன். நங்கநல்லூர் உழவாரப் பணிக் குழுவின் தலைவர்; கோயில் கோயிலாகப் போய்ப் பிராகாரம் கழுவுகிறவர். வெங்காயம் வதக்கிய வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். கைக்குட்டையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் பார்த்தது: நான், இரண்டு கிண்ணம், விரித்த கூந்தலோடு பின்வாசல் வழியாக ஓடுகிற ஒரு பெண்ணின் முதுகு. நான் பார்த்தது: அவர் கேட்காமலே, வாடிக்கைக்காரருக்கு வைப்பதுபோல் கவாஷிமா திரும்பி வந்து மர மேடையில் வைத்த ராமென், அதன்மேல் ஒழுங்காக அடுக்கிய பன்றித் துண்டுகள்.

"மாப்ளே," என்றார்.

"மாமா," என்றேன்.

அவர் வெளியே போய்விட்டார். கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. "அண்ணா, காப்பாத்திட்டோம்," என்றாள் தொய்பி. முகமெல்லாம் பூரிப்பு.

ஜனவரி 25, சனி

மாமா முந்திக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வாயை அடைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கடற்கரைப் பக்கம் ஒரு கோயில் வேலையாகப் போனாராம். ஒரு ஜப்பான் கடை வாசலைத் தாண்டும்போது கண்ணில் பட்டதாம். மாப்பிள்ளை ஒரு பெண்ணோடு. அவள் இவரைக் கண்டதும் பின்பக்கமாக ஓடிவிட்டாளாம். என் மாமியாரிடம் சொல்லி, கண்கலங்கி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். இப்போது எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

காந்திமதி போன் செய்தாள். அவள் அம்மா நேற்று போனில் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"கல்யாணம் முடியட்டும்டி. அது வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இரு. அப்புறம் அந்த ஆளைத் தலைமுழுகிட்டு வந்திரு. நாங்க இருக்கோம். கோர்ட்டு செலவெல்லாம் ஒங்க அப்பா பாத்துக்கிடுவாவ."

எந்த வார்த்தைக்குப் பயந்து ஐந்து மாதமாகக் காய்கறி வாரியாகப் பொய் சொல்லி வந்தோமோ, அது தாம்பாளத்தில் வைத்துத் தானாக வந்திருக்கிறது. இனி மறைக்க வேண்டியதே இல்லை. மார்ச்சில் கையெழுத்துப் போட்டால் ஊரே ஆசீர்வாதம் செய்யும். இதற்கு நாங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அது நான்தாம்மான்னேன். நம்பல. பொண்டாட்டிகூட சாப்பிடறவன் எதுக்குடி ஒளிஞ்சு சாப்பிடணும், நீ எதுக்குப் பின்வாசல் வழியா ஓடணும்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொன்னேன். அவங்க என்ன வேணா இருப்பாங்க, அப்படிப்பட்ட ஆள் கிடையாதுன்னு சொன்னேன். அம்மா அழுதா. என் பொண்ணு இவ்வளவு வெகுளியா இருக்காளேன்னு அழுதா."

என்னைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாள். அதை உலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு, திருநெல்வேலி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தென்காசிக்காரர்கள் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. காந்திமதி அரக்குப் புடவை. என் மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. போட்டோவுக்கு நிற்கும்போது மட்டும் சிரித்தார். பகவதி அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "யாருல அவ?" என்றாள். காந்திமதிதான் என்றேன். "வெக்கங்கெட்ட பய," என்றாள்.

பந்தியில் மீனாட்சிசுந்தரம் மாமா மேற்பார்வை. என் இலைக்கு வரும்போது மட்டும் அவரே வாளியை வாங்கி, பாயசத்தை இரண்டு தடவை விட்டார். நெற்றியில் திருநீறு மூன்று கோடாகப் பளிச்சென்று இருந்தது. நான் அந்தக் கிண்ணத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, காந்திமதியிடம்கூட. ஒரு கல்யாணத்துக்கு ஒரு மானக்கேடு போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

கல்யாணம் முடிந்தது. இனிப் பொய் ஒத்திகை தேவையில்லை. கடைக்குப் போக ஒரு காரணமும் இல்லை. போகவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

போகவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அந்தப் பக்கம் ஒரு வண்டி பார்க்க வேண்டியிருந்தது. சரி, வண்டி வேளச்சேரியில் இருந்தது. போனேன்.

மூலை மேசையில் தனியாக உட்கார்ந்தேன். ஜாடி வந்தது. ஊற்ற எதிரே ஆள் இல்லை. நானே ஊற்றிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கை போகவில்லை. கவாஷிமா பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு ஊற்றினார். நான் அவருக்கு ஊற்றினேன். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு ஜப்பான் மொழி வராது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

பாதியில் பலமாகப் புரையேறியது. தொய்பி தலையில் தட்டினாள். "யாரோ உங்கள நெனைக்கிறாங்கண்ணா," என்றாள். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாளோ.

காந்திமதி இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இதுதான் விஷயம். கழித்துக்கட்டலாம் என்று நான் எழுதிக் கொடுத்த வண்டியை வேறொருவன் தட்டி நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு போவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் அறிக்கை தப்பென்று ஒப்புக்கொண்டதில்லை. இப்போதும் ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

நாளை கோர்ட். சட்டை இஸ்திரி போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று 'இன்னும் அதே எண்ணம்தான்' என்று சொல்லிப் பார்த்தேன். தொண்டை கட்டியிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உங்கள் முடிவில் மாற்றம் உண்டா என்றார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டைக்கட்டு இன்னும் விடவில்லை.

"எங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும், மேடம்," என்றாள் காந்திமதி.

எங்கள் வக்கீல் திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அவள் நேராக நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றதும் ஏன் என்று கேட்டேன்.

"இப்ப விட்டா மாமா சொன்னது நெஜம்னு ஆயிடும். ஒங்க பேரு கெட்டுப் போவும். செய்யாத தப்புக்கு நீங்க ஏன் பேரு கெடணும்? அதுக்காகத்தான்."

"அதுக்காகத்தானா?"

"பின்ன வேற எதுக்கு?"

"பேரு சரியாக எவ்வளவு நாளாகும்?"

"எனக்கென்ன தெரியும்? ஊர்க்காரங்க வாய் மூட எவ்வளவு நாளாகுமோ." அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்கு. போவமா?"

ஒரே ஆட்டோவில் போனோம். நியாயமான, நடைமுறைக்கு ஏற்ற முடிவு. நானும் ஒப்புக்கொண்டேன்.

சிவப்பு விளக்கை அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து நுழைவதைப் பார்த்துத் தொய்பி திகைத்து நின்றாள். பிறகு ஓடி வந்து எங்களை மூலைக்குத் தள்ளி, தட்டியை இழுத்து மறைத்தாள். கவாஷிமா அடுப்பிலிருந்தே ஆழமாகக் குனிந்தார். கேட்காமலே தோஃபு வந்தது. ஜாடி வந்தது.

தொய்பி போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் காந்திமதியிடம் கேட்டாள்:

"அன்னைக்கு அந்தப் பெரியவரால அண்ணா வீட்ல தெரிஞ்சிடுச்சாக்கா?"

நான் தோஃபுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிடுச்சு," என்றாள் காந்திமதி.

"ஐயோ. அவங்க சம்சாரம் இன்னா சொன்னாங்க?"

காந்திமதி ஜாடியை எடுத்தாள். என் கிளாஸில் நிதானமாக, விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.

"விட மாட்டாளாம்," என்றாள்.

தொய்பி என்னை ரொம்பப் பாவமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காந்திமதியின் கிளாஸ் காலியாக இருந்தது. ஜாடியை வாங்கி ஊற்றினேன். கொஞ்சம் மேசையில் சிந்திவிட்டது.